படுதா வண்டி

மேற்கூரையைத் திறந்து மடக்கலாம், டீசலில் ஓடும், விலையும் சொகுசும் ஒரு படி மேலே. இப்படி ஒரு கார் வேண்டுமென்றால் 2000-களின் ஐரோப்பாவில் எதை எடுப்பது என்றுதான் திணறியிருப்போம். ஆடி ஏ4 கேப்ரியோலேயில் ஆறு சிலிண்டர் டீசல் இருந்தது. பிஎம்டபிள்யூ 330சிடி, சாப் 9-3, வோக்ஸ்வாகன் இயோஸ் எல்லாவற்றிலும் டீசல் வந்தது. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடுகிறவனுக்கு எண்ணெய்ச் செலவு குறைந்தால் போதும், சத்தத்தைப் பொறுத்துக்கொள்வான் என்பது அவர்கள் கணக்கு. இந்தியாவுக்கு வந்த சொகுசு கன்வெர்ட்டிபிள்கள் அநேகமாகப் பெட்ரோல்தான். 2018-இல் ரேஞ்ச் ரோவர் இவோக் கன்வெர்ட்டிபிள் கிட்டத்தட்ட 70 லட்ச ரூபாய்க்கு இங்கே விற்பனைக்கு வந்தபோது ஆசையாக விவரம் தேடிப் பார்த்தேன். பிரிட்டனில் டீசலிலும் கிடைத்த அதே வண்டி, நமக்குப் பெட்ரோலில் மட்டும்.

எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. கேரளத்துப் பீர்மேடு தாலுகாவில் ஸ்பேனர் பிடிக்கிறவனுக்குக் கூரையில்லாத டீசல் வண்டி புதிதும் இல்லை, சொகுசும் இல்லை. அதற்குப் பெயர் ஜீப். கூரைக்குப் பெயர் படுதா. தமிழ்க்காரரும் மலையாளத்துக்காரரும் அதே சொல்லைத்தான் சொல்வோம். கோட்டயத்திலிருந்து குமுளி ஏறும் கே.கே. ரோட்டில், பாம்பனாருக்குப் பக்கத்தில் என் ஒர்க்‌ஷாப். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் வேலை. தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று பார்த்தால் தொரை ஜீப் வளைவு ஏறுவது தெரியும். பார்ப்பதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். எந்த கியரில் வருகிறது என்று பந்தயம் கட்டி வளர்ந்த பையன்கள் நாங்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் நான் போய் நின்ற இடம் ஆசானின் பட்டறை. அவர் மலையாளி, முண்டக்கயத்துக்காரர். கோபம் வந்தால் மட்டும் தமிழில் திட்டுவார். எனக்கு விளங்கவேண்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

மஹிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பைக் கையிலெடுத்த காலத்திலிருந்து அந்த வண்டி இந்தியத் தேயிலைத் தோட்டங்களுக்குள் புகுந்துவிட்டது. பழசெல்லாம் பெட்ரோல். ஏற்றத்தில் பெட்ரோலைக் குடிக்கும் வேகத்தைப் பார்த்து தொரைமார் கணக்குப்பிள்ளையைத் திட்டுவார்களாம், கணக்குப்பிள்ளை டிரைவரைத் திட்டுவாராம். நான் தொழிலுக்கு வந்த நேரம் டீசல் அலை அடித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றுவதை கன்வெர்ஷன் என்போம். ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பெரிய வேலையே அதுதான். மஹிந்திராவின் சொந்த ஜீப்புகளில் பிரான்சின் பெஜோ நிறுவனத்தின் வடிவமைப்பில் எக்ஸ்டிபி 4.90 என்ற டீசல் எஞ்சின் வந்தது. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம்; பெயரே ஜாதகம். 2112 சிசி, 62 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு சின்ன காரில்கூட அதைவிடக் கூடுதல் இருக்கும். ஆனால் அந்த 62-ஐ வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேரையும் கொழுந்துச் சாக்கையும் ஏற்றிக் கல்ரோட்டில் ஏறுவார்கள்.

எப்படி ஏறும் என்பதுதான் டீசலின் விஷயம். பெட்ரோல் எஞ்சின் அதன் முழுப் பலத்தையும் காட்ட வேகமாகச் சுழல வேண்டும். டீசல் மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும். கல் உருண்டு கிடக்கும் எஸ்டேட் ரோட்டில் வேகமாகச் சுழற்றினால் டயர் சுற்றும், கல் பின்னால் பறக்கும், வண்டி அங்கேயே நிற்கும். நான்கு சக்கர ஓட்டத்தில் லோ போட்டால் சக்கரத்துக்குப் போகிற முறுக்கு இரண்டரை மடங்கு ஆகும். முதல் கியரில் ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே மனிதன் நடக்கும் வேகத்தில் ஏறும். டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை மட்டும் பார்த்தால் போதும்.

இதற்கு விலையும் உண்டு. பீர்மேடு மூவாயிரம் அடி உயரம், குட்டிக்கானம் அதற்கும் மேலே. இந்த உயரத்தில் காற்று அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சின் கிடைத்த காற்றைத்தான் உறிஞ்சும். பம்ப் விடும் டீசலோ அதே அளவு. எரியாத மிச்சம் கரும்புகையாகப் போகும். கீழே கோட்டயத்தில் பம்ப் செட் பண்ணிய வண்டி மேலே வந்ததும் புகைவது இதனால்தான். டீசலைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் புகை நிற்கும், இழுவையும் குறையும். டிரைவர்கள் இழுவையைத்தான் கேட்பார்கள். புகை பின்னால் வருகிறவன் பாடு.

பின்னால் வருகிறவன் பாடு மட்டும் இல்லை, பின்னால் உட்கார்ந்திருப்பவன் பாடும்தான். இதைச் சொகுசு கார் விளம்பரங்களில் யாரும் எழுதமாட்டார்கள். முன் கண்ணாடி நிமிர்ந்து நிற்க, பின்பக்கம் திறந்து கிடக்க ஒரு வண்டி ஓடினால் உள்ளே காற்றழுத்தம் குறையும். புகைக்குழாயிலிருந்து வரும் புகை சுழன்று பின்பக்கம் வழியாக உள்ளே ஏறும். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் மலையேறி வரும் பெண்களைக் கேளுங்கள். சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு வருவது குளிருக்காக மட்டும் இல்லை. நான் ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு ஜீப்பிலும் புகைக்குழாயின் வாயைப் பின்பக்கத்திலிருந்து ஓரத்துக்குத் திருப்பி வைப்பேன். கூலி கேட்பதில்லை.

மலை இறக்கத்தில் டீசல் வண்டி தானாகவே பிடித்து நிற்கும் என்று சொல்லாத டிரைவர் இங்கே இல்லை. அது பாதி உண்மை. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வரும் வழியை ஒரு தகடு அடைக்கும். பிஸ்டன் காற்றுக்கு இழுத்துத் திணறும். அந்தத் திணறல் வண்டியைப் பிடிக்கும். பழைய டீசலில் அந்தத் தகடே கிடையாது. அமுக்கிய காற்று மறுபடி விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடும், போனது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக ஒன்று வைப்பது இதற்காகத்தான். ஜீப் இறக்கத்தில் நிற்பது கியரால். ஏறின கியரில் இறங்கு என்று ஆசான் சொல்லிக்கொடுத்தது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும்.

அந்தத் தகடு இல்லாததற்கு இன்னொரு விளைவும் உண்டு, அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. பெட்ரோல் காரில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் எஞ்சின் உறிஞ்சுவதிலிருந்தே கிடைத்துவிடும். டீசலில் கிடைக்காது. அதற்கென ஒரு வேக்குவம் பம்ப் வைக்க வேண்டும். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் வாலில் ஒட்டிக்கொண்டு எஞ்சின் ஆயிலில் ஓடும். குட்டிக்கானத்திலிருந்து பெருவந்தானம் வரை இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டுவிடும் பழக்கம் ஆளேற்றும் ட்ரிப் ஜீப்புகளில் இருந்தது. பூஸ்டர் வைத்த வண்டியில் இரண்டு மூன்று தடவை மிதித்தால் சேர்த்து வைத்த வெற்றிடம் தீர்ந்தது. அப்புறம் பெடல் கல் மாதிரி. பிரேக் பிடிக்கவில்லை என்று வந்த வண்டிகளில் பிரேக்கை ஒன்றும் செய்யாமல் டிரைவருக்கு இதை விளக்கியே அனுப்பியிருக்கிறேன். அதற்கு முன் பம்புக்குப் போகும் ஆயில் குழாயையும் ஹோஸையும் பார்த்துவிடுவேன். ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும்.

டீசல் தீர்ந்துபோய் வழியில் நின்ற வண்டிக்கு எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது என்று இன்றைய பையன்களுக்குத் தெரியாது, புதிய வண்டிகள் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்கின்றன. அன்றைக்கு ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் மேல் ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு சுத்தமான டீசல் வரும். அப்புறம் நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மழையில், இருட்டில், அட்டை காலில் ஏற இதைச் செய்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு டேங்கைக் காலியாக விட்டதில்லை. மார்கழிக் குளிரில் ஹீட்டர் பிளக் போட்டுக் காத்திருக்காமல் ஸ்டார்ட்டரை அழுத்தி பேட்டரியைத் தீர்ப்பது வேறொரு கதை. பெஜோ எஞ்சினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாமல் பக்கத்து அறையில் எரியத் தொடங்கும். அறை சூடாகாமல் அது கிளம்பாது.

இனி படுதா. வளைந்த இரும்புக் கம்பிகள், மேலே ரெக்ஸின் அல்லது கேன்வாஸ், பக்கவாட்டில் சுருட்டிக் கட்டும் தொங்கல், பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். கம்பம், குமுளி பக்கம் இதைத் தைக்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல தையல்காரன் துணியை அறுக்கும் முன் கம்பியின் வளைவை நூல் பிடித்து அளப்பான். தொய்வு விட்டால் அங்கே மழைநீர் தேங்கும், தேங்கின இடம் முதலில் கிழியும். இறுக்கிவிட்டாலோ கல்ரோட்டில் பாடி முறுக்கும்போது தையல் விடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இங்கே வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது. படுதாவுக்கு உள்பக்கம் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் ஜன்னல் பழுத்து, பின்னால் வரும் லாரியின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரியும். டிரைவரின் வலது முழங்கை அந்த மூன்று நான்கு மாதமும் ஈரம்தான். ஓரத்தில் உட்காரும் பயணிக்கு வாடகையில் தள்ளுபடி இல்லை.

அப்படியிருந்தும் ஏன் படுதா? ஏன் தகரக் கூரை போடவில்லை? கழற்றிவிட்டால் அது லாரி. புல்லுக்கட்டு, உரமூட்டை, லயத்துக்குப் போகும் பீரோ, கல்யாண வீட்டுப் பந்தல் கம்பு எல்லாம் மேலே நீட்டிக்கொண்டு போகும். எஸ்டேட்டில் யாராவது விழுந்து காலை முறித்துக்கொண்டால் படுத்த நிலையில் தூக்கி வைக்கலாம். 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்து பீர்மேட்டில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது, சம்பளமும் கிராஜுவிட்டியும் கைக்கு வராத குடும்பங்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் பழைய ஜீப்பைத்தான் நம்பினார்கள். கடன் வாங்கி வாங்கிய வண்டி. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, பகலில் சாமான் ஏற்றி, சாயங்காலம் பருந்தும்பாறைக்கு டூரிஸ்ட் ஏற்றினார்கள். கூரை கழற்ற முடியாத வண்டியால் இந்த மூன்றும் ஆகாது. அந்த வருஷங்களில் நான் கடனுக்குச் செய்த வேலைதான் அதிகம். பெரும்பாலும் திரும்பி வந்தது, சில கணக்குகளை நானே அழித்தேன்.

2010-இல் மஹிந்திராவின் தார் வந்தது. காமன் ரெயில் டீசலில் 105 குதிரைத்திறன், மேலே கேன்வாஸ். உள்ளே சொகுசென்று ஒன்றும் இல்லை. ஆனால் முதல் தடவையாகக் கொச்சியிலிருந்தும் பாலாவிலிருந்தும் காசுள்ள பையன்கள் படுதா வண்டியை ஆசைப்பட்டு வாங்கி மலையேறி வந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு. நம்மிடம் வசதியில்லாததால் படுதா, இவர்களுக்கு வசதி வந்ததால் படுதா.

புதிய தார் 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமாகி, அக்டோபர் 2 முதல் விற்பனைக்கு வந்தது. ஹார்டு டாப், கழற்ற முடியாத சாஃப்ட் டாப், மடக்கும் கன்வெர்ட்டிபிள் டாப் என்று மூன்று கூரை. டீசல் எஞ்சின் 2184 சிசி. பழைய பெஜோ 2112 என்பதை நினைத்துப் பாருங்கள், வித்தியாசம் 72 சிசி. திறனோ 62-இலிருந்து 130. முறுக்கு விசை 300 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 1600 சுற்றிலேயே. டர்போ காற்றைத் திணிப்பதால் மூவாயிரம் அடியில் மூச்சு வாங்காது. ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் கம்ப்யூட்டர் கணக்கில் டீசல் தூவுவதால் கரும்புகையும் இல்லை. ஆறு கியர் மேனுவல், இல்லாவிட்டால் ஆறு கியர் ஆட்டோமேட்டிக். காகிதத்தில் பெட்ரோல் தாரும் 300 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் காட்டும். திறன் அதில் 150. முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானம் ஏறுகையில் பெட்ரோல்தான் முந்தும், மறைக்கவில்லை. ஆனால் லோ போட்டு நாள் முழுக்கத் தோட்டத்துக்குள் ஊர்கிறவன் பங்க்கில் நிற்கும்போது வித்தியாசம் தெரியும்.

இந்த வண்டியின் வசதிகளை நான் வேறு வரிசையில் பார்ப்பேன். தொடுதிரையும் பாட்டும் கடைசி. முதலில் லோ கியருக்கான தனி லிவர். பட்டன் இல்லை, கையால் இழுக்கும் லிவர், எனக்கு அது பிடிக்கும். அடுத்து பின் ஆக்சிலில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுழன்றால், அது தானாகப் பூட்டிக்கொண்டு மற்ற சக்கரத்துக்கும் பலத்தைத் தரும். பழைய ஜீப்பில் அந்த நேரம் ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள், சிலசமயம் சக்கரத்தடியில் சேலையைக்கூடப் போடுவார்கள். தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. வண்டியின் உள்தரையில் தண்ணீர் வடியத் திறக்கும் அடைப்பான் உண்டு. கூரை திறந்த வண்டிக்கு இதைவிட உபயோகமான வசதியைச் சொல்லுங்கள் பார்ப்போம். பழைய ஜீப்பில் அந்த ஓட்டையைத் துரு தானே போட்டுத் தரும்.

படுதாவுக்கு அடியில் ரோல் கேஜ். இது முக்கியம். பழைய வண்டியில் கம்பி துணியைத் தாங்கத்தான், ஆளைத் தாங்க இல்லை. கவிழ்ந்தால் அது மடங்கும். 2020 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் தார் நான்கு நட்சத்திரம் வாங்கியது. பின் இருக்கைகளும் முன்னோக்கித் திரும்பிவிட்டன. எதிரெதிரே பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் இடித்த தலைமுறைக்கு அது தெரியும்.

இங்கே ஐரோப்பியக் கன்வெர்ட்டிபிளுக்கும் ஜீப் ஜாதிக்கும் உள்ள அடிப்படை வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். சாதாரண காருக்குத் தனியாக சேசிஸ் கிடையாது, தகரப் பாடியே எலும்புக்கூடு. கூரையை அறுத்தால் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்ததுபோல் முறுக்கும். அதைத் தடுக்க அடிப்பக்கமெல்லாம் கூடுதல் இரும்பு வைக்கிறார்கள். இவோக் கன்வெர்ட்டிபிள் சாதா இவோக்கைவிட இருநூறு கிலோவுக்கு மேல் கனம் கூடியது அப்படித்தான். அதன் கூரை மோட்டாரில் 18 விநாடியில் திறக்கும், வண்டி 48 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதே திறக்கும். அழகான வேலை, குறை சொல்லமாட்டேன். ஜீப்பிலும் தாரிலும் பலம் முழுக்க அடியிலுள்ள ஏணிச் சட்டத்தில் இருப்பதால் கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிக்குக் கவலையில்லை. அதற்குப் பதில் தாரின் கூரையை மனிதன்தான் மடக்க வேண்டும். முன் கண்ணாடிச் சட்டத்தின் கொக்கிகளை விடுவித்து, பின் பக்கத்தைக் கழற்றி, பின்னோக்கித் தள்ள வேண்டும். பழகியவனுக்குச் சில நிமிடம். பாஞ்சாலிமேட்டில் மஞ்சு இறங்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சில நிமிடத்துக்குள் சீட்டெல்லாம் நனைந்திருக்கும்.

பிஎஸ்6 வந்தபின், அதாவது 2020 ஏப்ரலுக்குப் பின், எந்தக் கம்பெனியின் டீசலானாலும் ஒரு புது நோய் கூடவே வருகிறது. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி. சேர்ந்த கரியை எரிக்க வடிகட்டி நன்றாகச் சூடாக வேண்டும், அதற்கு ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட்டவேண்டும். எங்கள் ரோட்டில் ஒரே சீராக ஐந்து நிமிடம் ஓட்ட இடம் ஏது? வளைவு, பிரேக், இரண்டாம் கியர், மறுபடி வளைவு. லயத்திலிருந்து ஸ்டோர், ஸ்டோரிலிருந்து ஆபீஸ். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் பதறிக்கொண்டு வருவார்கள்.

“மேஸ்திரி, எஞ்சின் போச்சா?”

“ஒண்ணும் போகல. குமுளி இறங்கி, கம்பம் தாண்டி தேனி ரோட்டுல மூணாவது நாலாவது கியர்ல விடாம ஓட்டிட்டு வாங்க. விளக்கு அணைஞ்சா வீட்டுக்குப் போங்க, என்கிட்ட வரவேண்டாம்.”

பெரும்பாலும் அணைந்துவிடும். வரும்போது கம்பம் திராட்சை ஒரு பெட்டி வாங்கி வருவார்கள், அது என் கட்டணம். மலை வண்டிக்கு மருந்து சமவெளியில் இருக்கிறது என்று சொன்னால் என் மகன் சிரிப்பான். அவன் லேப்டாப்பைச் சொருகி நிறுத்தின இடத்திலேயே எரிக்கும் முறையைப் படித்து வைத்திருக்கிறான். அதற்கு ஆகும் சூட்டைப் பார்த்தால் பக்கத்தில் காய்ந்த புல் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் என் கருத்து.

பெரிய டயர், உயரத் தூக்கிய சஸ்பென்ஷன், முன்னால் வின்ச், மேலே விளக்கு வரிசை என்று கேட்டு வருகிறவர்களை இப்போது திருப்பி அனுப்புகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. 2022 மே மாதம் வாகமனில் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்த ஆஃப் ரோடு ஓட்டம் வழக்கு வரை போன பிறகு ஆர்டிஓ ஆட்களின் கண்ணும் கூர்மையாகிவிட்டது. சட்டத்தை விடுங்கள், பெரிய டயர் போட்டால் ஆக்சிலும் ஸ்டீயரிங் மூட்டும் சீக்கிரம் தேயும், லோ கியரின் பலனும் குறையும். கழற்றும் படுதாவில் மட்டும் அந்தத் தொல்லையில்லை, கம்பெனியே கொடுத்தது.

தார் வாங்கலாமா என்று கேட்டவர்களிடம் முதலில் வீடு எங்கே என்று கேட்டேன். கொச்சியில் வீடு, மாதம் ஒருமுறை மலை என்றால் கன்வெர்ட்டிபிள் எடுங்கள், ஆசைக்குத்தானே என்றேன். இங்கேயே இருப்பவர் என்றால் டீசல் நான்கு சக்கர ஓட்டம், ஹார்டு டாப். 2023 ஜனவரியில் வந்த விலை குறைந்த 1.5 லிட்டர் டீசல் பின்சக்கர ஓட்டம் மட்டும். அதற்குப் படுதாவும் கிடையாது, எஸ்டேட் ரோட்டுக்கு ஆகவும் ஆகாது. ஏலப்பாறைப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் ஏலம் வைத்திருக்கும் பையன் ஒருவன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு கன்வெர்ட்டிபிள்தான் வாங்கினான். அவன் தாத்தா எங்கள் பட்டறையில் ஜீப்பைக் கொண்டுவந்து போட்டவர். மே கடைசியில் வண்டியோடு வந்தான். கொக்கிகளுக்கு கிரீஸ் வைத்தேன், தையல் ஓரத்தில் மெழுகு தேய்த்தேன், தரை அடைப்பான்களைத் திறந்து குப்பை எடுத்தேன்.

“இனி டிசம்பர் வரைக்கும் கூரையைத் தொடாதே.”

“அப்ப வருஷத்துல பாதி நாள் சும்மா ஹார்டு டாப் மாதிரிதானா மாமா?”

“ஹார்டு டாப் ஒழுகாது.”

சிரித்துக்கொண்டே படுதாவை இழுத்துப் பூட்டினான். பின்னால் இரண்டு மூட்டை சுண்ணாம்பு ஏற்ற இடம் பற்றாமல், போகும் வழியில் பாம்பனார் கடைவாசலில் மறுபடி கழற்றிக்கொண்டிருந்ததாகக் கடைக்காரர் சொன்னார்.